'தடுப்பு வலயம்' வேண்டாம், 'விடைவிதி வலயம்' என்போம்

வணக்கம்.

இணையப் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்வது டிஎன்எஸ் சேவையகம். எந்தப் பெயருக்கு என்ன விடை சொல்ல வேண்டும் என்று அதற்கு நாமே எழுதிக் கொடுக்கும் பட்டியல்தான் ரெஸ்பொன்ஸ் பொலிசி சோன். அதற்குத் தமிழில் 'தடுப்பு வலயம்' என்று வந்த முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. சோனுக்கு வலயம் சரி. வலயக் கல்வி அலுவலகம் என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு அதுதான் வாயில் வரும். சிக்கல் 'தடுப்பு' என்பதில்தான்.

கொழும்பில் ஒரு கந்தோர், வேலை நேரத்தில் வைபரும் வட்ஸ்அப்பும் ஓடக் கூடாது என்கிறார் முகாமையாளர். நெட்வேர்க் பார்க்கும் பிள்ளை பைண்ட் என்ற டிஎன்எஸ் சேவையகத்தில் இந்த வலயத்தைச் சேர்த்து, அந்தச் செயலிகளின் ஆள்களப் பெயர்களுக்கு (டொமைன்) ஒவ்வொரு சீநேம் பதிவு, அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் வரி, எழுதி, வலப்பக்கம் ஒற்றைப் புள்ளி மட்டும் வைக்கிறார். அவ்வளவுதான், இனி யார் கேட்டாலும் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சேவையகம் சொல்லிவிடும். புள்ளிக்குப் பதிலாகக் கந்தோரின் சொந்தக் கணினி ஒன்றின் பெயரைப் போட்டால் ஆட்களை அங்கே திருப்பிவிடும். வாடிக்கையாளர் பிரிவுக்கு வட்ஸ்அப் கட்டாயம் வேண்டுமென்றால், அவர்களுடைய கணினிகளின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் 'பாஸ்த்ரு', அதாவது போக விடு, என்று எழுதலாம், உண்மையான விடையே போகும். போக விடும் கட்டளையும் உள்ளே இருக்கும் ஒன்றுக்கு எப்படித் தடுப்பு என்று பெயர் வைப்பது?

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. டிஎன்எஸ் சேவையகம் பெயருக்கு விடை சொல்கிறதே தவிர, செய்திகள் அதன் வழியாகப் போவதில்லை. டெலிகிராம் செயலி ஐபி முகவரிகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, பெயர் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடும். உலாவியில் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் ஓடினால், பெயர்க் கேள்வி சாதாரண இணையப் பக்கங்கள் போகும் அதே 443ஆம் துறை (போர்ட்) வழியாக வெளியே போய்விடும், எங்கள் சேவையகத்துக்கு அது வரவே வராது. 'தடுப்பு வலயம்' என்று படித்த பிள்ளை எல்லாம் அடைபட்டுவிட்டது என்று நம்பிவிடுவார்.

'மறுமொழிக் கொள்கை வலயம்' சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் கொள்கை என்றதும் கட்சியும் அரசாங்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. 'விடைமாற்று வலயம்' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாஸ்த்ரு விடையை மாற்றுவதில்லையே. ஆகவே என் முன்மொழிவு 'விடைவிதி வலயம்'. இல்லை என்பது, திருப்புவது, விடுவது மூன்றும் விதிக்குள் அடங்கும். பேச்சிலும் இழுபடாது: 'வைபருக்கு ஒரு விடைவிதி போட்டுவிடு' என்று சொல்லிப் பாருங்கள்.

தடுப்பு என்ற சொல்லைத் தீச்சுவருக்கு (பயர்வோல்) விட்டுவைப்போம், தரவுப் பொதியை உண்மையில் மறிப்பது அதுதான்.