டை கட்டிட்டுப் போய் யாராவது முழிச்சிருக்கீங்களா?

ஈஸ்ட்ஹாம்_வாசி:
லண்டன் வந்த புதுசுல இன்டர்வியூவுக்குன்னு சேரிட்டி கடையில ஒரு டை வாங்குனேன், நேவி ப்ளூவும் மெரூனும் கோடு. பிளாட்பாரத்துல நிக்கிறேன், ஷூவெல்லாம் பளபளன்னு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் நேரா வந்து கையை நீட்டி "எந்த பட்டாலியன்?"ங்கறார். கடையில வாங்குனதுன்னேன். நீட்டுன கை அப்படியே நின்னுச்சு, அப்புறம் மெதுவா கோட் பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு. ட்ரெயின் வர்ற வரைக்கும் என் கழுத்தையே பாத்துட்டு இருந்தார். அது கார்ட்ஸ் ரெஜிமென்ட் டையாம், பிரிட்டிஷ் ராணுவத்துல அரண்மனைக் காவல் படை, அதுல இருந்தவங்க கட்டுற டை. நான் காசு குடுத்து வாங்குனதுங்க, அவருக்கு என்ன?

ரிட்டயர்டு_ஆடிட்டர்:
அவருக்கு என்னவா? வாங்காத மெடலை ஒருத்தன் சட்டையில குத்திட்டு வந்தா நீங்க சும்மா இருப்பீங்களா? இங்கிலாந்துல இருக்கறவங்க கோடு போட்ட டை பக்கமே போகாதீங்க, ப்ளைன் வாங்குங்க, இல்ல சின்னப் புள்ளி. கறுப்புல வெளிர்நீலக் கோடுன்னா ஈட்டன்ங்கற பெரிய இடத்துப் பசங்க ஸ்கூல்ல படிச்சவன், பிங்க்கும் பச்சையும்னா லண்டன்ல இருக்கற கேரிக் கிளப் மெம்பர், மஞ்சளும் சிவப்பும் கண்ணைப் பறிச்சா எம்சிசி, அதான் லார்ட்ஸ் மைதானத்து கிரிக்கெட் கிளப், அதுல மெம்பராக கால் நூற்றாண்டுக்கு மேல காத்துக் கிடக்கணும். கோடுதான் வேணும்னு அடம்புடிச்சா அமெரிக்க டை வாங்குங்க. இங்கிலீஷ்காரன் டையில கோடு இடது தோள்லேர்ந்து இறங்கும், புரூக்ஸ் பிரதர்ஸ்ங்கற அமெரிக்கத் துணிக் கம்பெனி அதை வலது தோள்லேர்ந்து இறங்கற மாதிரி திருப்பிட்டாங்க, தெரிஞ்சவன் பாத்ததும் இது ரெஜிமென்ட் டை இல்லன்னு விட்டுடுவான். என் அனுபவம்னா, லார்ட்ஸ்ல அந்த மஞ்சள் சிவப்பு டை தாத்தாங்க விடிகாலையிலேயே கியூவுல நின்னதைப் பாத்தேன், அவ்வளவுதான்.

சேப்பாக்கம்_கேலரி:
மெடலும் டையும் ஒண்ணா சார்? நீங்க சொல்ற எம்சிசியில 1998 வரைக்கும் பொம்பளைங்களுக்கு மெம்பர்ஷிப்பே கிடையாது. நம்மூர்ல மட்டும் என்ன வாழுது, 2014-ல வேட்டி கட்டிட்டு வந்தார்னு ஹைகோர்ட் ஜட்ஜையே சேப்பாக்கம் கிளப் வாசல்ல திருப்பி அனுப்புனாங்க, அதுக்கப்புறம் சட்டசபையில சட்டம் போட வேண்டியதாச்சு.

பஸ்பாஸ்_2ஜி:
நான் கவர்மென்ட் ஸ்கூல், பக்கத்து வீட்டுப் பையன் மெட்ரிக், ரெண்டு பேருக்கும் ஒரே பஸ். அவன் எலாஸ்டிக் டையை இழுத்து விட்டா கழுத்துல சுளீர்னு விழும், தினமும் அதான் எனக்கு வேலை. ஒருநாள் தொல்லை தாங்காம கழட்டி என் கழுத்துலயே மாட்டி விட்டுட்டான். ஃப்ரீ பாஸுன்னாலே எரிஞ்சு விழற கண்டக்டர், பாதித் தூக்கத்துல என்னைப் பாத்து "தம்பி இப்படி உக்காரு"ங்கறார், அவனைப் பாத்து "டேய், உள்ள தள்ளிப் போடா"ங்கறார். ஃபீஸ் கட்டுனது அவங்கப்பா. இன்னிக்கும் வாட்ஸ்அப்ல அதைச் சொல்லித் திட்டுவான். ஆடிட்டர் சார், கோடு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்துச்சுன்னு கண்டக்டர் பாக்கவே இல்ல.