பைசா வாங்காத ஆலோசகர் என்று ஒருவர் உண்டா?

சங்குக்கரை:
சென்ற வாரம் கீழக்கரையில் ஒரு நிக்காஹ் விருந்தில், சஹன் என்ற பெரிய கூட்டுச் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவர் அடித்துச் சொன்னார்: துபாயிலும் கொழும்பிலும் தொழில் உள்ள தம் குடும்பத்துக்கு ஆடிட்டர், வழக்கறிஞர், வங்கி, முதலீடு அனைத்தையும் ஒரே ஆள் ஒருங்கிணைத்துப் பார்க்கிறாராம், அதற்கு ஒரு பைசாவும் வாங்குவதில்லையாம். உடனே நான்கு பேர் அந்த ஆளின் எண்ணைக் குறித்துக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் கட்டணம் வாங்குவார்; நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்தான் உச்சவரம்பு. எதுவுமே வாங்காதவர் எதைத் தின்று வாழ்கிறார்?

தொண்டிக்காரன்:
அப்படிச் சொன்னவன் நான்தான், சங்குக்கரை காக்கா. நேரில் கேட்டிருக்கலாம், அப்போது உங்கள் கவனம் முழுவதும் கறியில் இருந்தது. பதினொரு ஆண்டுகளில் அவருக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை. என் வாப்பா மவுத்தான வாரத்தில் வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் எங்களோடு அலைந்தவர் அவர். உங்கள் 1,51,000 ரூபாய்க்காரர் அலைவாரா?

சங்குக்கரை:
அலைந்ததை நான் மறுக்கவில்லை. செப்டம்பரும் மார்ச்சும் முடிந்த பிறகு மியூச்சுவல் ஃபண்டுக்கு வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். திட்டத்தின் பெயருக்குப் பின்னால் ‘ரெகுலர்’ என்று இருக்கும். திட்டத்தை விற்றுக்கொடுத்த விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாய்க் கணக்கிலேயே அச்சாகியிருக்கும். கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ திட்டங்கள் 2013 முதலே இருக்கின்றன. ஐந்து கோடி ரூபாய் போட்டு, அதில் ஆண்டுக்கு முக்கால் சதவீதம் கமிஷனாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால் 3,75,000 ரூபாய். இதுதான் உங்கள் ஒரு பைசா.

வாடைக்காற்று:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த உச்சவரம்பில் ‘குடும்பம்’ என்பது வாடிக்கையாளரும் அவரைச் சார்ந்து வாழும் மனைவி, பிள்ளைகள், பெற்றோரும்தான். கூட்டாகத் தொழில் செய்யும் நான்கு சகோதரர்கள் நான்கு குடும்பங்களாகிவிடுவார்கள். முதலில் எந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யலாமா?

தொண்டிக்காரன்:
அந்த 3,75,000 என் பையிலிருந்து போகவில்லை, ஃபண்டு நிறுவனம் கொடுக்கிறது. நான் கொடுத்தது ஒரு பைசாகூட இல்லை. மேலும் காக்காவின் மைத்துனர் சென்ற ஆண்டுதான் ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டார் என்பதை ஊர் அறியும். இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும்.

சங்குக்கரை:
மைத்துனரை இழுத்தாயிற்றா, மகிழ்ச்சி. அவர் என்னிடமும் கட்டணம் வாங்குகிறார், ரசீதும் தருகிறார். நிறுவனம் கொடுக்கிறது என்கிறீர்களே, அந்த நிறுவனம் முத்துக் குளித்தா கொடுக்கிறது? திட்டச் செலவாக உங்கள் முதலீட்டிலிருந்து நாள்தோறும் கழித்துத்தான் கொடுக்கிறது. செத்தும் கொடுத்த சீதக்காதியின் ஊரில் பெண்ணெடுத்த காரணத்தால், எல்லோரும் சும்மா கொடுப்பார்கள் என்று நம்பிவிட்டீர்கள் போலும். ஒரே குடும்பத்துக்கு ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் சேர்த்து வாங்கக்கூடாது என்று 2020-இலேயே விதி வந்துவிட்டது. ஆகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உமக்குச் சம்பளம் தருவது யார் என்பதுதான்.

பாம்பன்வாசி:
எங்கள் பாட்டனாரின் சங்குக் கிட்டங்கியில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். மகளுக்குக் கொடுத்த வீட்டுப் பத்திரம் முதல் கொழும்புக் கடையின் பாக்கி வரை அனைத்தும் அவர் தலைக்குள் இருந்தன. அவருக்கு எந்தப் பதிவும் தேவைப்படவில்லை.

தொண்டிக்காரன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன்.

சங்குக்கரை:
இல்லை, நீங்கள் சொல்வது இதுவல்ல. அந்தக் கணக்கப்பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுத்தது முதலாளி, எதிர்க்கடைக்காரர் அல்ல. பாம்பன்வாசி ஐயா என் பக்கத்தைப் பேசிவிட்டு உங்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

பாம்பன்வாசி:
நான் எங்கே உட்கார வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். முன்பு நில விவகாரத்திலும் இப்படித்தான் என் வாயில் உங்கள் சொற்களைத் திணித்தீர்கள்.

வாடைக்காற்று:
குடும்பம் எது என்று யாராவது சொல்வீர்களா?

சங்குக்கரை:
தொண்டிக்காரரே, ஒன்று மட்டும் செய்யுங்கள். பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டு, அறிக்கையில் கமிஷன் வரும் அந்த ஒரு வரியைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.

தொண்டிக்காரன்:
வீட்டுக் கணக்கைச் சந்தையில் விரிக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவில்லைதான்.