பஞ்சாயத்து அப்ரூவல் மனை, 1200 சதுர அடி: வாங்கலாமா?

திருச்சிவாசி:
வணக்கம். திருச்சி புறநகரில் வீடு கட்ட ஒரு மனை பார்த்திருக்கிறேன். 30க்கு 40, கிழக்குப் பார்த்தது, பக்கத்தில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனையைவிட சதுர அடிக்கு 500 ரூபாய் கம்மி. "பஞ்சாயத்து அப்ரூவல் சார், 2013லேயே மனையா ரிஜிஸ்டர் ஆனது, இது மறுவிற்பனைதான், பத்திரத்துக்கு நான் கியாரண்டி" என்கிறார் தரகர். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. பட்டா மட்டும் இன்னும் பழைய நிலக்காரர்கள் பெயரில் கூட்டுப் பட்டாவாகவே ஓடுகிறது. பத்திரம் ஆகிவிட்டால் நம்முடையதுதானே, அப்புறம் என்ன என்று அப்பா கேட்கிறார். பேங்க் லோன் போட்டுத்தான் கட்ட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலஅளவன்:
தரகர் சொல்வதில் பாதி உண்மை. 2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவானது என்றால் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு குறுக்கே வராது, பத்திரம் ஆகிவிடும். ஆனால் பத்திரம் ஆவது வேறு, அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கிடைப்பது வேறு. மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது, அது டிடிசிபியிடம் (சென்னைப் பகுதி என்றால் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ). தலைவர் சீல் குத்திய வரைபடத்தை எந்த பேங்க் வக்கீலிடம் காட்டினாலும் முதல் கேள்வியே "வரன்முறை ஆணை எங்கே?" என்பதுதான். வரன்முறை என்றால் அங்கீகாரமில்லாத மனையைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்துவது; 2017ல் வந்த வரன்முறைத் திட்டம் இந்த மாதிரி மனைகளுக்காகவே வந்தது. விற்பவரிடம் கேளுங்கள்: மொத்த மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா, உங்கள் மனைக்குத் தனியாக ஆணை இருக்கிறதா? இல்லை என்றால், அவரே கட்டணம் கட்டி வாங்கித் தரட்டும், அதுவரை அட்வான்ஸோடு நிற்கட்டும்.

பட்டா விஷயமும் லேசானதில்லை. கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்து தனிப் பட்டா ஆக்கினால்தான் உங்கள் இடம் புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அளவு வரைபடம்) தனியாகத் தெரியும். பரப்பை ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கில் போட்டிருப்பார்கள். 0 - 1.12 என்றிருந்தால் 112 சதுர மீட்டர், அதாவது சுமார் 1205 சதுர அடி. பத்திரத்தில் 1200 என்று போட்டுவிட்டு பட்டாவில் 0 - 1.02 என்று வந்த மனைகளையும் பார்த்திருக்கிறேன், அது 1100 சதுர அடிக்குக் கொஞ்சம் கீழே.

கொத்தனார்_மகன்:
ரோட்டைக் கேளுங்க அண்ணா. யாரும் கேட்பதே இல்லை. அப்ரூவல் ஆன மனைப்பிரிவில் சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இந்த மாதிரி இடங்களில் ரோடு இன்னும் பழைய நிலக்காரர் பெயரிலேயே கிடக்கும். இன்றைக்கு அவர் விடுவார், நாளைக்கு அவர் பேரன் கல்லு நட்டு கயிறு கட்டினால் வீட்டுக்குப் போக வழியில்லாமல் வாசலில் நின்று சண்டை போட வேண்டியதுதான். எங்கள் தெருவிலேயே நடந்தது.

மாணிக்கம்_67:
இதெல்லாம் ரொம்ப பயமுறுத்துகிறீர்கள். 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கட்டட அனுமதி தருகிறார்களே, 2500 சதுர அடி மனை வரைக்கும்?

நிலஅளவன்:
தருகிறார்கள் சார், 3500 சதுர அடிக்குள் தரைத்தளமோ மேலே ஒரு மாடியோ கட்டுவதாக இருந்தால். அதற்கும் மனை அங்கீகாரம் பெற்றதா என்ற கேள்வி உண்டு. சான்று கொடுப்பது நாம்தான் என்பதால் பொய் சொன்னால் பொறுப்பும் நம் தலையில்தான். அனுமதி சீக்கிரம் வருவதால் மனை சுத்தமாகிவிடாது.

செங்கல்சூளை:
பேப்பர் ஒருபுறம் இருக்கட்டும், மண்ணையும் பாருங்கள். வயலை அடித்து மனையாக்கிய இடம் என்றால் மேலே இரண்டு மூன்று அடி கிராவல் கொட்டி மட்டம் செய்திருப்பார்கள், கடப்பாரை போட்டுப் பார்த்தால் கீழே கருங்களி வரும். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கிற மண் அது, கொட்டிய மண்ணின் மேலேயும் அஸ்திவாரம் நிற்காது. பக்கத்தில் வீடு கட்டியவரிடம் எத்தனை அடியில் கெட்டி மண் கிடைத்தது, போர் தண்ணீர் எப்படி என்று டீக்கடையில் நின்று கேட்டாலே தெரிந்துவிடும். நீங்கள் மிச்சம் பிடிக்கும் 500 ரூபாயில் பெரும்பகுதி தரைக்குக் கீழேயே போய்விடலாம். அக்டோபர், நவம்பர் மழையில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள்.

திருச்சிவாசி:
எல்லோருக்கும் நன்றி. இ-சேவை தளத்தில் புலப்படம் எடுத்துவிட்டேன். மனைக்குப் பின்பக்கம் ஒரு வாய்க்கால் தனி சர்வே எண்ணில் போகிறது, ஆனால் இடத்தில் போய்ப் பார்த்தால் அங்கே வாய்க்காலே இல்லை, மண் அடித்து மட்டமாக இருக்கிறது! தரகரிடம் கேட்டால் "அது பழைய வாய்க்கால் சார், தண்ணி வந்தே பல வருஷம்" என்கிறார். மனையின் 40 அடியில் அந்த வாய்க்காலும் சேர்ந்திருக்குமோ?

நிலஅளவன்:
சேர்ந்திருக்க வாய்ப்பு நிறைய. தண்ணீர் வராவிட்டாலும் அது வாய்க்கால் புறம்போக்குதான், வரன்முறையும் ஆகாது, பட்டாவும் வராது. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாலுகா சர்வேயரை வைத்து அளக்க மனு போடுங்கள், விற்பவரையும் கூட நிற்கச் சொல்லுங்கள்.