இசை நாடகம் குறித்த நூலடைவு: குறிப்புரையில் எதை எழுதுவது?

கேள்வி:
நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் வந்த இசை நாடகங்களைப் பற்றிக் குறிப்புரையுடன் கூடிய நூலடைவு (ஒவ்வொரு நூலுக்கும் சிறு விளக்கம் சேர்த்த நூல் பட்டியல்) ஒன்றை முதுகலை ஆய்வுக்காகத் தயாரிக்கிறேன். இருபது பதிவுகள் சேர்ந்துவிட்டன. ஆனால் என் குறிப்புரைகள் எல்லாம் பின்னட்டை வாசகங்களைப் போலவே இருப்பதாக நெறியாளர் சொல்கிறார். எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
நூல் எதைச் சொல்கிறது என்பதோடு நின்றுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நாடக நடிகர் தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவனாகச் சுவாமிகளின் குழுவில் சேர்ந்தவர் பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய நினைவுகள் அவை. ஆகவே ஒத்திகை, பாடம் கேட்டல் போன்றவற்றுக்கு அது நேரடிச் சான்று, ஆண்டுகளுக்கோ வேறொரு சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நூல். இந்த வேறுபாட்டை எழுதினாலே அது குறிப்புரையாகிவிடும். சூசன் சைசரின் 2005ஆம் ஆண்டு நூல் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே (நிலையான குழுவாக இல்லாமல், ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியே அமர்த்தப்படுபவர்கள்) மதுரையில் செய்த களஆய்வு என்பதால், அதைத் தனிவகையில் வையுங்கள்.

மறுமொழி 2:
பழைய பாட்டுப் புத்தகங்களை விட்டுவிடாதீர்கள் ஐயா. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடிப் பாருங்கள். பாட்டின் தலைப்பில் ‘இன்ன வர்ணமெட்டு’ (இன்ன பாட்டின் மெட்டில் பாட வேண்டும்) என்று அச்சிட்டிருந்தால் அந்த வரியை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல தடயம் அரிது. சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகம் பல பதிப்புகளில் கிடைப்பதால், கையில் எடுத்த பதிப்பு எது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வர்ணமெட்டு வரிகளை இதுவரை விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.