சர்வமத உரையாடல் குழு: முதலில் சமத்துவப் பயிற்சி வைக்கலாமா?

கேள்வி:
பல மதத்தினரும் மத நம்பிக்கை இல்லாதவர்களும் கலந்த குழு ஒன்றை நடத்துகிறேன். சண்டை இல்லை. ஆனால் பேசுவதெல்லாம் எண்ணிக்கையில் பெரிய தரப்புதான். மற்றவர்கள் கேட்டால் பதில் சொல்வதோடு சரி. எல்லோருக்கும் கட்டாயமாக ஒரு நாள் சமத்துவப் பயிற்சி வைத்துவிட்டு, அப்புறம் உரையாடலைத் தொடரலாமா?

மறுமொழி 1:
கட்டாயப் பயிற்சி வேண்டாம். தங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகப் பெரிய தரப்பு முறுக்கிக்கொள்ளும். சின்னத் தரப்போ தன் காயத்தைப் பாடமாக நடத்தவேண்டி வரும்.

வெறுமனே சந்திக்க வைத்தால் போதாது என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். சந்திப்புக்குள் சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்றார். உங்கள் குழுவில் முதலாவதே இடிக்கிறது. கூட்டத் தேதியைக் குறிப்பது யார்? அது யாருடைய நோன்போடும் வழிபாட்டு நேரத்தோடும் மோதுகிறது? தலைப்பு யாருடையது? பயிற்சி வகுப்பைவிட இந்தக் கேள்விகள் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

நான் நடத்தும் குழுவில் தலைப்பு எடுப்பவரும் நடத்துபவரும் முறைவைத்து மாறுவார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்கே யாரும் பேசக்கூடாது, விருப்பமில்லாதவர் விட்டுவிடலாம். "உங்கள் மதம் என்ன சொல்கிறது?" என்று கேட்க அனுமதி இல்லை, "நீங்கள் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். ஒருவரைத் தன் மதத்துக்கே வக்கீலாக்கினால் எச்சரிக்கையாகத்தான் பேசுவார். (நல்ல வக்கீல்கள் கிடைத்தால் இன்னும் மோசம், கூட்டம் பட்டிமன்றமாகிவிடும்.)

மறுமொழி 2:
இரண்டு நிமிடக் கணக்கு மதங்களுக்கு இடையே மட்டும் போதுமா? ஒவ்வொரு தரப்புக்குள்ளும் பெரியவர்கள் பேச, பெண்களும் இளையவர்களும் தலையாட்டுவதைப் பார்க்கிறேன். முதல் சுற்றை இருவர் இருவராகப் பேசவிட்டுப் பாருங்கள். இன்னொன்று, இறையியலாளர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985இல் சொன்ன விதி: உங்களிடம் உள்ள சிறந்ததை அடுத்தவரிடம் உள்ள மோசமானதோடு ஒப்பிடாதீர்கள். இதை எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

மறுமொழி 3:
பேச்சோடு ஏதாவது வேலையும் சேரட்டும். ஈராக்கில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ வீரர்களையும் முஸ்லிம் வீரர்களையும் ஒரே கால்பந்து அணிகளில் ஆடவிட்டுச் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. மைதானத்தில் நெருக்கம் கூடியது. வெளியே முன்பின் தெரியாதவர்கள் வரை அது அவ்வளவாகப் போகவில்லை. ஆகவே குழுவுக்குள் கிடைத்த நட்பை வைத்து ஊரே மாறிவிட்டதாக அறிக்கை எழுதிவிடாதீர்கள். தலைப்பு முறையை அடுத்த கூட்டத்திலேயே சின்னத் தரப்பிலிருந்து தொடங்குங்கள்; ஆனால் யார் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.