சுரங்கக் கூரையில் நீர் கசியும் இடத்தில் மட்டும் ஷாட்கிரீட் உரிந்து விழுகிறது: அக்சிலரேட்டரைக் கூட்டலாமா?

மஞ்சூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மஞ்சூருக்கு மேலே, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், 3 மீட்டர் அகலமுள்ள ஒரு சிறிய அணுகு சுரங்கத்தில் இளநிலைப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். வாய்ப்பகுதியில் சிதைந்த செம்மண்ணும் உருண்டைப் பாறைகளும் இருக்கின்றன. அதற்கு அப்பால் நல்ல சார்னோகைட் பாறை. ஷாட்கிரீட்டை, அதாவது காற்றழுத்தத்தால் பாறைமேல் பீச்சி ஒட்டவைக்கும் காங்கிரீட்டை, உலர்கலவை முறையில்தான் (உலர்ந்த கலவையோடு குழாய் முனையில் நீர் சேரும் முறை) அடிக்கிறோம். சென்ற வாரம், கூரையில் நீர் கசியும் ஓரிடத்தில், இரவு ஷிப்டில் ஒரே மூச்சில் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு அடித்துவிட்டார்கள். மறுநாள் மாலை, ஆட்கள் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அது ஒரு கட்டில் அளவுப் பாளமாக உரிந்து விழுந்தது. பாளத்தைப் புரட்டிப் பார்த்தேன். காங்கிரீட் நொறுங்கவில்லை, அதன் முதுகில் மஞ்சள் களிமண் படலம் வழவழவென்று ஒட்டியிருந்தது. காங்கிரீட்டை விரைவில் இறுகச் செய்யும் அக்சிலரேட்டரைக் கூட்டினால் போதும் என்கிறார் மேற்பார்வையாளர். எனக்கு அது சரியாகப் படவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய நாசில்காரர் எழுதியது:

தம்பி, பாளத்தைப் புரட்டிப் பார்த்தீர்களே, அதைவிடப் பெரிய சோதனை அறிக்கை தேவையில்லை. உங்கள் கலவையில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. அது பாறையைத் தொடவே இல்லை, களிமண்ணைத்தான் தொட்டிருக்கிறது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள ஷாட்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 240 கிலோ எடை இருக்கும். அதன் பின்னால் வெறும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினாலும், அந்த நீர் அதே ஒரு சதுர மீட்டரை ஒரு டன் விசையோடு கீழே தள்ளும். சொந்த எடையைப் போல நான்கு மடங்குக்கும் மேலான இந்தச் சுமையை, ஒட்டாத காங்கிரீட் எப்படித் தாங்கும்?

ஆகவே முதலில் நீருக்கு வழி விடுங்கள். கசிவைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, பிளாஸ்டிக் குழாய் செருகி, நீரை ஓரக் கால்வாய்க்கு இறக்குங்கள். தளர்ந்த கற்களைக் கடப்பாரையால் தட்டி இறக்கிய பிறகு, காற்றும் நீரும் கலந்த பீச்சலால் களிமண் போகும்வரை கழுவுங்கள். பிறகு காய்ந்த பகுதியிலிருந்து தொடங்கி ஈரப் பகுதியை நோக்கி அடித்து வந்து, கசியும் இடத்தைக் கடைசியில் மூட வேண்டும். கூரையில் ஒரு நடைக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் போதும். முதல் அடுக்கு இறுகிய பின்னரே அடுத்தது. நாசில், அதாவது பீச்சும் குழாய் முனை, பாறைக்குச் செங்குத்தாகவும் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவிலும் இருக்கட்டும். தெறித்துக் கீழே விழும் ரீபவுண்டை அள்ளி மறுபடி கலவையில் போடுவதை மட்டும் எவர் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

அக்சிலரேட்டரை அளவுக்கு மீறிக் கூட்டினால் காங்கிரீட் விரைவில் இறுகும்; ஆனால் 28 நாளில் அது அடைய வேண்டிய வலிமை குறையும். மலையின் மார்கழிக் குளிரில் இறுகுவது தாமதமாகும் என்பது உண்மைதான். அதற்குக் கலவை நீரை வெதுவெதுப்பாக்குவதும் சிமெண்டைக் குளிரில் கிடத்தாமல் வைப்பதும் நல்லது. இன்னொன்று, உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் சரியாக ஓடிய கம்ப்ரசர் அங்கே அதே வேகத்தைத் தராது. வேகம் குறைந்தால் ஒட்டுவது குறைந்து, தெறிப்பு கூடும்.

கோத்தகிரி நிலவியலாளர் எழுதியது:

ஐயா சொன்னது சரி. ஆனால் களிமண் படலம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சார்னோகைட் மிகக் கடினமான பாறை, அதன் விரிசல்கள் அப்படியல்ல. மழைநீர் இறங்கும் விரிசல்களில் பாறை சிதைந்து களிமண்ணாகிறது. கூரையில் அத்தகைய இரண்டு மூன்று விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டினால் ஆப்பு வடிவப் பாறை தனியாகப் பிரிந்துவிடும். அந்த ஆப்பைத் தாங்க வேண்டியது ராக் போல்ட், அதாவது பாறையில் துளையிட்டு இறுக்கும் எஃகுக் கம்பி. போல்ட்டுகளுக்கு இடையிலுள்ள சிறு கற்களைப் பிடித்துவைப்பதே ஷாட்கிரீட்டின் வேலை. பாளம் விழுந்த இடத்தில் விரிசல்களின் திசையை வரைந்து பாருங்கள். களிமண் விரிசல் கூரையோடு ஏறத்தாழ இணையாக ஓடினால், போல்ட் இல்லாமல் மறுபடி அடிப்பது வீண்.

குன்னூருக்கு 1899-இல் வந்த மலை ரயில் பாதையில் பல குகைப்பாதைகள் உண்டு. ஷாட்கிரீட்டுக்கு வழிவகுத்த சிமெண்ட் தெளிப்பானைக் கார்ல் ஏக்லி என்பவர் உருவாக்கியதோ 1907-இல்தான். அவர் விலங்குகளைப் பாடம் செய்யும் கலைஞர் என்பது வேடிக்கையான செய்தி. ஷாட்கிரீட் வருவதற்கு முன்பே குடைந்த அந்தக் குகைகள், நல்ல பாறை தன்னைத்தானே தாங்கும் என்பதற்குச் சாட்சி. அந்தத் தாங்குதிறன் குலையாமல் காப்பதற்குத்தான் ஷாட்கிரீட். செம்மண் வாய்ப்பகுதி அப்படிப்பட்டதன்று. அங்கே எஃகு வளைவுகள் இல்லாமல் ஷாட்கிரீட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

கூடலூர் பாண்டி எழுதியது:

நான் சுரங்கங்களில் வேலை பார்த்தவன். பாளம் தேநீர் நேரத்தில் விழுந்தது என்று படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. புதிதாக அடித்த ஷாட்கிரீட்டின் கீழே, அது குறைந்தது 1 மெகாபாஸ்கல் வலிமை பெற்றதை ஊசிமானியால் (ஊசியை அழுத்தி இறுக்கத்தை அளக்கும் கருவி) உறுதி செய்யும்வரை யாரும் போகக் கூடாது என்பது பல சுரங்கங்களின் நடைமுறை. ஒவ்வொரு ஷிப்டிலும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். காலிப் பானை போல ஒலித்தால் பின்னால் ஒட்டவில்லை என்று பொருள். உலர்கலவையில் தூசி மிகுதி. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நாசில் பிடிக்க விடாதீர்கள், முறையான முகமூடி வாங்கிக் கொடுங்கள். என் தந்தையின் நுரையீரலைக் கல்தூசி தின்றதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

மஞ்சூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆறு துளைகள் போட்டோம். நான்கில் நீர் வருகிறது. விரிசல் கூரைக்கு இணையாகத்தான் ஓடுகிறது, எனவே போல்ட் போட்ட பிறகே அடிப்பது என்று மேற்பார்வையாளரும் ஒப்புக்கொண்டார். வாய்ப்பகுதிக்கு அருகிலுள்ள துளையில் மட்டும் நேற்றைய மழைக்குப் பின் நீர் செந்நிறமாக வருகிறது. அடைத்துவிடலாமா?

பழைய நாசில்காரர் எழுதியது:

அடைக்காதீர்கள், நீர் வேறிடத்தில் முட்டும். சிவப்பு என்றால் பின்னாலிருந்து மண் கரைந்து வருகிறது. இப்படியே விட்டால் உள்ளே பொந்து விழும். குழாயை உருவி, துளையிட்ட குழாயில் வடிதுணி சுற்றிச் செருகுங்கள். தினமும் ஒரு வாளி நீரைப் பிடித்து, அடியில் படியும் மண்ணை அளந்து தேதியோடு குறித்துவாருங்கள். அது கூடிக்கொண்டே போனால், எஃகு வளைவு நிறுத்தும்வரை அந்தப் பகுதிக்குள் ஆளை அனுப்பாதீர்கள்.