விபத்து ரிப்போர்ட்டில் "கவனக்குறைவு" என்று எழுதச் சொல்கிறார்கள், எழுதலாமா?

கேட்பவர்: திருப்பத்தூர்க்காரன், பீன்யா, பெங்களூரு

வணக்கம். பீன்யாவில் ஒரு பிரஸ்ஷாப்பில் (இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்திப் பீஸ் அடிக்கும் பட்டறை) 11 வருடமாக இருக்கிறேன், இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். போன செவ்வாய் இரவு ஷிஃப்டில், விடியற்காலை 3.40க்கு, என் லைனில் ஒரு பையனுக்கு இடது ஆள்காட்டி விரலில் முதல் கணு போய்விட்டது. அரூர் பக்கத்துப் பையன், வயது 22. ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

ரிப்போர்ட் நான்தான் எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு, பாதுகாப்புப் பட்டனைக் கட்டிவைத்து ஓட்டினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேனேஜர்.

பட்டனைக் கட்டியிருந்தது உண்மைதான். அது 50 டன் பழைய சி-ஃப்ரேம் பிரஸ். முன்பு பெடல் இருந்தது. பிறகு ஏர் சிலிண்டர் வைத்து இரண்டு பட்டன் போட்டார்கள். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் ஸ்ட்ரோக் (மெஷினின் ஒரு அடி) விழும் என்பது ஏற்பாடு. இடது பட்டன்மேல் சைக்கிள் டியூபை நாலு சுற்று சுற்றி, உள்ளே ஒரு மூங்கில் சிம்பைச் செருகியிருந்தது. டியூப் புதிது இல்லை. எண்ணெய் ஏறிக் கறுத்து, பட்டனின் வட்டம் அதன் உள்பக்கத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. மூன்று ஷிஃப்டிலும் ஆள் மாறினான், டியூப் மாறவில்லை. நானும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கழற்றச் சொன்னேன். மறுநாள் திரும்ப இருந்தது. அப்புறம் நான் கேட்கவில்லை. இதை இங்கே எழுதாமல் மற்றதை எழுதினால் நியாயம் இல்லை.

விபத்துக்கு மறுநாள் மெயினை அணைத்துவிட்டு அவன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆசனம் என்பது கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டப்பா, மேலே மடித்த கோணிச்சாக்கு. அதில் உட்கார்ந்தால் பட்டன்கள் என் தோளுக்கு நேராக இருக்கின்றன. பையன் என்னைவிடக் குள்ளம். ஷிஃப்டுக்கு 3,600 பீஸ். அத்தனை தடவையும் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி அழுத்த வேண்டும். நான் 20 நிமிடம் வெறுமனே அழுத்திப் பார்த்தேன். கழுத்திலிருந்து முழங்கை வரை எரிந்தது.

அப்புறம் அந்த ஜாப். 1.2 மி.மீ. தகடு, எண்ணெயில் டையோடு (தகட்டுக்கு அடியில் இருக்கும் அச்சு) ஒட்டிக்கொள்ளும். இடுக்கி கொடுத்திருக்கிறோம், வழுக்குகிறது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால்தான் வரும். இடது கை பட்டனை விட்டு டைக்குள் போனது இதற்காகத்தான்.

பையன் போனில் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அண்ணே, என் மேல தப்புதான்னு எழுதிடுங்க, வேலை போகாம இருந்தா போதும்." அதைக் கேட்டபின் எனக்குப் பேனா ஓடவில்லை. நான் அப்படி எழுதினால் ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அவனுக்குப் பணம் வராமல் போகுமா? எழுதாவிட்டால் வேறு என்ன எழுதுவது?

பதில்: டூல்ரூம், 24 வருடம்

தம்பி, ரிப்போர்ட்டுக்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். அது கீ கிளட்ச் பிரஸ்தானே? ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும், சாவி விழுந்தால் ஷாஃப்டைப் பிடித்து இழுக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்றும் முடியாமல் நிற்காது. நடுவில் நிறுத்த வழியே இல்லாத மெஷின் அது. அதனால்தான் அதில் லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிரால் கண்டுபிடிக்கும் சென்சார்) போட்டாலும் பிரயோசனம் இல்லை. கை உள்ளே இருப்பது சென்சாருக்குத் தெரிந்துவிடும், மேலிருந்து இறங்கி அடிக்கும் பஞ்ச் நிற்காது.

பட்டனைக் கட்டாமல் ஓட்டியிருந்தாலும் அவன் விரலுக்கு முழுக் காப்பு இருந்திருக்காது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ளைவீல் நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொள்வோம், ஒரு சுற்றுக்கு 1 நொடி. சாவி சிக்கும் இடம் ஒன்றே ஒன்று என்றால், பட்டனை அழுத்திய பிறகு அது சிக்கவே ஒரு முழுச் சுற்று வரை ஆகலாம். பஞ்ச் கீழே வர இன்னும் அரைச் சுற்று. மொத்தம் 1.5 நொடி. கை நொடிக்கு 1.6 மீட்டர் போகும் என்று வைத்துத்தான் பாதுகாப்புத் தூரம் போடுவார்கள். 2.4 மீட்டர் வருகிறது! உங்கள் பட்டன் டையிலிருந்து எவ்வளவு தூரம்? ஒரு முழம் இருக்குமா? இரண்டு கையாலும் அழுத்திவிட்டு, ஒட்டிய பீஸ் ஞாபகம் வந்து கையை நீட்டினால் பஞ்சுக்கு முன்னால் கை போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, சாவியையும் அதன் ஸ்பிரிங்கையும் கழற்றிப் பாருங்கள். முனை தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ யாரும் அழுத்தாமலே இரண்டாவது ஸ்ட்ரோக் விழும். 2003இல் என் கண்முன்னே அப்படி ஒருவருக்கு மூன்று விரல் போனது. அவர் கை பட்டனிலேயே இல்லை. அன்றும் "கவனக்குறைவு" என்றுதான் எழுதினார்கள்.

செய்ய வேண்டியது என்னவென்றால், டையைச் சுற்றி நிரந்தரக் கார்டு (தடுப்பு) போட்டு மூடுங்கள். தகடு மட்டும் நுழைய 6 மி.மீ. சந்து விடுங்கள், விரல் போகாது. டைக்குள் ஸ்பிரிங் பின் வைத்தால் தகடு தானே மேலே எழும்பும், பக்கத்தில் ஒரு ஏர் ஜெட் வைத்தால் ஊதித் தள்ளிவிடும். டூல்ரூமில் ஒரு நாள் வேலை இது. பட்டன் வயரிங்கில், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி சேர்த்து அழுத்தினால் மட்டும் வேலை செய்கிற ரிலே கிடைக்கிறது. அது இருந்தால் டியூப் கட்டினால் மெஷின் ஓடவே ஓடாது. உங்களுடையதில் இரண்டு பட்டனையும் வரிசையாக இணைத்து விட்டிருப்பார்கள், அதனால்தான் கட்ட முடிந்தது.

பதில்: ராஜகோபால்நகர்

எனக்கும் இதே விரல், இதே கணு, 2011. நானும் அந்தத் தம்பி சொன்ன மாதிரியே எழுதிக் கொடுத்தேன், பயத்தில்.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது எனக்கு ஈ.எஸ்.ஐ சட்டத்தின் 51பி பிரிவைக் காட்டினார் யூனியன்காரர் ஒருவர். தொழிலாளி விதியை மீறியிருந்தாலும், முதலாளியின் வேலையைச் செய்யும்போது அடிபட்டால் அது வேலையில் நேர்ந்த விபத்துதான் என்றது அந்தப் பிரிவு. பட்டனைக் கட்டியது கம்பெனி பீஸை அடிக்கத்தானே, சொந்த வேலைக்கா? அதனால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. லீவில் இருந்த நாளுக்குக் கூலியில் 90 சதவீதம் வந்தது. பிறகு மெடிக்கல் போர்டு, அதாவது இழப்பு எவ்வளவு என்று முடிவு செய்யும் டாக்டர்கள் குழு. ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 9 சதவீத இழப்பு. அந்தக் கணக்கில் இன்றும் மாதாமாதம் சின்னத் தொகை ஒன்று வருகிறது.

தம்பியிடம் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மெடிக்கல் போர்டுக்குக் கட்டாயம் போகவேண்டும். போர்டுக்குப் போகாமலே ஊருக்குப் போய்விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். இன்னொரு விஷயம், குளிர் காலத்தில் அந்த விரல் நுனி குத்தும். யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்.

பதில்: பாதுகாப்பு அலுவலர், மைசூர் ரோடு

சகோதரரே, முதலில் அந்த இருபது நிமிடத்துக்கு நன்றி. மெஷினில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதுகிறவரை நான் என் வேலையில் அதிகம் பார்த்ததில்லை.

பயிற்சி வகுப்பில் நான் சொல்லும் ஒரு சம்பவம் உங்களுக்கு உதவலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகளே சக்கரத்தை உள்ளே இழுத்துவிட, விமானத்தின் வயிறு தரையில் மோதியது. விமானியின் தவறு என்றே எழுதினார்கள். 1943இல் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கையின் பின்விளிம்பு மடலுக்கான (ஃப்ளாப்) விசையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் நுனியில் சக்கர வடிவ ரப்பரையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் வைத்தார், குழப்பம் நின்றது. விமானிகள் யாரையும் மாற்றவில்லை.

உங்கள் பட்டனும் அப்படித்தான். உட்கார்ந்து செய்யும் வேலையில் கை முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கவேண்டும். தோளுக்கு மேலே 3,600 தடவை என்றால் யார் உட்கார்ந்தாலும் ஒரு வாரத்தில் டியூப் தேடுவார்கள். நேரமும் பாருங்கள், 3.40. உடம்பு தூங்கவேண்டிய நேரத்தில் கண்ணும் கையும் தாமதமாகத்தான் வேலை செய்யும்.

காரணக் கட்டத்தில் நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கள். பட்டன் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், ஆசனம் எத்தனை, தோள் எத்தனை. பீஸ் ஒட்டுகிறது. கார்டு இல்லை. பட்டன் பல ஷிஃப்டுகளாகக் கட்டப்பட்டிருந்தது, மேற்பார்வையாளருக்குத் தெரியும். இந்தக் கடைசி வரி உங்களுக்குக் கஷ்டம், ஆனால் அது இல்லாமல் மற்றவற்றை யாரும் நம்பமாட்டார்கள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வரமுடியாத காயம் என்றால் தொழிற்சாலைத் துறைக்குத் தகவல் போகவேண்டும் என்பது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது, அது போனதா என்றும் கேளுங்கள். ஆபத்தான பாகத்துக்கு வேலி போடுவது ஆலையை நடத்துபவரின் பொறுப்பு என்பதும் அதே சட்டத்தில் 21ஆம் பிரிவாக இருந்தது.

திருப்பத்தூர்க்காரன்:

மேடம், டூல்ரூம் அண்ணா, ராஜகோபால்நகர் அண்ணா, மூவருக்கும் நன்றி. டேப் எடுத்துப்போய் அளந்தேன். பட்டன் தரையிலிருந்து 104 செ.மீ., டப்பா 38. சாவியைக் கழற்றிப் பார்த்தோம், ஒரு முனை மழுங்கித்தான் இருந்தது. ஃபிட்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது என்ற வரியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார், இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று காலை டூல்ரூமுக்குக் கார்டு அளவு எடுக்க ஆள் அனுப்பியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்.

பையனைப் பார்த்துவிட்டு வந்தேன். அவன் அம்மா அரூரிலிருந்து வந்திருக்கிறார். 51பி பற்றியும் மெடிக்கல் போர்டு பற்றியும் தமிழில் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன், மடித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

நேற்று ஷிஃப்ட் முடிந்தபிறகு மற்ற ஆறு பிரஸ்ஸையும் சுற்றி வந்தேன். நான்கில் டியூப் இருக்கிறது. கழற்றவில்லை, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, மெஷின் நம்பரோடும் பட்டன் உயரத்தோடும் இரண்டாவது ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன்.